கிழக்கு என்று எழுதினேன்

1986 அக்டோபர் 8, புதன்
டல்சியின் சாலைக்கடையில் நானும் அக்காள் மகள் கெரினும் பெட்ரோல் நிரப்பிச் சாப்பிட்டோம். நான் தின்ற ஆட்டு சாப்ஸ் எண்ணிக்கையைப் பார்த்துக் கடையே ஸ்தம்பித்துவிட்டது.

மேசைமேல் வழி நோட்டு. பாலைக்குள் போகிறவர்கள் எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்று அதில் எழுத வேண்டும். வராதவனை அந்தப் பாதையில்தான் தேடுவார்கள். 'கிழக்கு வேலிப்பாதை, ஞாயிறு' என்று எழுதினேன். போவது மேற்கே. 1971-இல் நான் என் கை நீளத்துக்குக் கல்லாய்ப்போன பழங்காலக் கடற்பல்லித் தாடை எடுத்த இடம். உண்மையை எழுதினால் எலும்பு தேடுகிறவன் எல்லாம் மண்வெட்டியோடு வந்துவிடுவான்.

"ஆபத்துக்குக் கூப்பிட ரேடியோ தரேன், எடுத்துட்டுப் போ மெர்வ்" என்றாள் டல்சி.

"எனக்கெதுக்கு? இந்த நாட்டு மேப்பே என் மண்டையைப் பாத்து வரைஞ்சதுதான்."

"அதான் பாதி ஊரைக் காணோம்."

அக்டோபர் 9
பெருஞ்சாலையில் எதிரே ஒரு லாரி. இந்தப் பக்கத்து வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினேன், அவனும் தூக்கினான். மாட்டுத்தலை ஓடு தொங்கும் கம்பத்தில் மேற்கே திரும்பினோம். அதன்பின் விரல் தூக்க ஆளில்லை.

அக்டோபர் 10
பாதையில் கிடந்த கல் வண்டியின் ஆயில் தொட்டியைக் கிழித்துவிட்டது. எஞ்சின் இறுகிப்போயிற்று. நூறு எஞ்சின் பார்த்தவன் நான். சரி, பத்து. குலுக்கலில் தண்ணீர் டிரம்மின் மூடி வேறு கழன்றிருக்கிறது. ஐந்து லிட்டர் மிச்சம்.

"ஞாயித்துக்கிழமை வரலைன்னா டல்சி ஆள் அனுப்புவா மாமா. நோட்டுல எழுதியாச்சே" என்றாள் கெரின்.

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 11
நேற்று ஒரு கழுகு. இன்று மூன்று. கெரின் தாராளமாக டீ போடுகிறாள், நாளை வரைக்கும்தானே என்று. தடுக்க வேண்டும். என்ன சொல்லித் தடுப்பேன்?

அக்டோபர் 12, ஞாயிறு
நோட்டுல கிழக்குன்னு பொய் எழுதினதைச் சொல்லிட்டேன். அவ டீக்குவளையைக் கீழ வச்சா.

"அந்தத் தாடை எவ்ளோ நீளம் மாமா? நிஜமா."

"முழங்கை அளவு."

வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வெயில் சாய்ந்ததும் கெரின் பாதித் தண்ணீரும் தன் ஆரஞ்சுச் சட்டையும் எடுத்துக்கொண்டாள். பெருஞ்சாலைக் கம்பம் முப்பது கிலோமீட்டர். என் முட்டி தாங்காது.

"கம்பத்துல அடையாளம் கட்டறேன். உன் புண்ணியத்துல இந்தப் பக்கம் ஒருத்தனும் தேட வரமாட்டான்."

திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அக்டோபர் 13
இன்னும் ஒரு குவளை இருக்கிறது. அவள் வந்தால் கொடுக்க.

அக்டோபர் 14
விமானச் சத்தம் — கிழக்கே, வெகு தூரத்தில். சுத்தி சுத்தித் தேடறாங்க. நான் எழுதின இடத்துல.

குவளையைக் குடிச்சிட்டேன்.

அக்டோபர் 29
டல்சியின் கடை. கம்பத்தில் ஆரஞ்சுச் சட்டையையும் அதன் கீழே கெரினையும் பதினைந்தாம் தேதி காலை பார்த்தவன் ஒரு லாரிக்காரன். அவள் அவனிடம் முதலில் கேட்டது என்னைத் தேடச் சொல்லித்தான். அன்று மாலையே வண்டியருகே என்னைக் கண்டுபிடித்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். சிறுநீரகம் மெல்லத் தேறுகிறதாம். என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நோட்டைக் கேட்டேன். டல்சி கிண்டல் செய்யவில்லை, நகர்த்தி வைத்தாள். என் பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: 'மேற்கே, மாட்டுத்தலைக் கம்பம், மூன்றாவது கேட், வறண்ட ஓடை வளைவு, வெளிறிய பாறைக்கு அடியில். தாடை உள்ளங்கை நீளம்.'

டல்சி இரண்டு தரம் படித்தாள். "நாளைக்கே எல்லாரும் அங்க போயிடுவாங்களே, மெர்வ்."

"போகட்டும். வழி சரியா இருக்கு."