பென் டிரைவில் கெட்டிமேளம்

ஆக. 26, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். போகிற ஊர்ச் சத்தங்களைப் பதிந்து வைப்பது என் பொழுதுபோக்கு; அதற்கான பையைச் சரிபார்த்தேன். ரெக்கார்டர், ஹெட்போன், சட்டையில் குத்தும் மைக், பேட்டரி, பவர்பேங்க், காற்றுச் சத்தம் விழாமலிருக்க மைக்குக்குப் போடும் ஃபர் கவர். எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் பாக்ஸ் அளவு. பாடநூல் கம்பெனிக்காகத் தினம் ஒரு ஊர் போகிறவனால் இதற்கு மேல் சுமக்க முடியாது. படித்தது எம்.எஸ்ஸி. இயற்பியல், சுமப்பது மாதிரிப் புத்தகம். எனக்கு வரவேண்டிய விரிவுரையாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். இருக்கட்டும்.

சிதம்பரம் பஸ். பக்கத்து சீட்டு அம்மாள் ஃபர் கவரைத் தடவிப் பார்த்து, "இன்னா சார் இது, பூனக்குட்டியா?" காற்றுக்காக என்றேன். "இந்த பஸ்ல எங்க சார் காத்து வருது?" பின் சீட்டு வரை சிரிப்பு.

பள்ளி வேலை முடித்து நாதஸ்வரம் குமரவேல் வீடு. வெள்ளியன்று என் மச்சான் தனசேகர் மகள் கல்யாணத்துக்கு இவரை ஏற்பாடு செய்து கொடுத்ததே நான். பூனைக்குட்டிக் கதை சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாண ரிகர்சல்னு வெச்சிக்கங்க சார்" என்று தவில்காரரோடு உட்கார்ந்து முழுக்க வாசித்தார். நான் ரெக்கார்டரை வைத்ததும், வாசிக்குமுன் ஒரே கேள்வி: "யாருக்கும் குடுக்க மாட்டீங்களே?"

"எனக்கு மட்டும்தான்" என்றேன்.

தவில் அடி விழும்போது மற்ற மெஷின்கள் அலறும். இதில் ஒரு இடத்தில்கூடச் சத்தம் உடையவில்லை. கடைசியில் கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கும்போது, நாதஸ்வர முனையில் வைத்து ஊதும் சீவாளி கிழிந்துவிட்டது. "நிறுத்துப்பா, நிறுத்து! போச்சு!" என்று கத்தினார். அதுவும் பதிந்திருக்கிறது. முன்னும் பின்னும் வெட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது. பதிந்தது பதிந்தபடி.

ஆக. 27, புதன்

மச்சான் வீடு. கல்யாணக் களை. சொந்தக்காரர்கள் முன்னால் மச்சானின் வழக்கமான கேலிக் கச்சேரி. "நம்ம மாப்ள ஊர் ஊரா போயி காத்தப் புடிச்சு டப்பாவுல அடைக்கிறாரு. போன்லயே பண்ணலாமே மாப்ள, அதுக்கு ஏன் தனியா ஒரு மெஷினு?" இவர் வீட்டுப் பால்காய்ச்சலுக்கு எனக்குக் கடைசி நாள்தான் சொன்னார். மறக்கவில்லை.

அவருடைய பெரிய ஸ்பீக்கரிலேயே மாட்டி நேற்றையதைப் போட்டேன். கூடம் அடங்கிப்போனது. மச்சானே பாதியில் நிறுத்திவிட்டு, "அடேங்கப்பா, ஆளு எதிர்ல குந்தி வாசிக்கிற மாதிரியே இருக்குது. பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க மாப்ள."

அந்த வீட்டில் என்னை யாராவது பாராட்டியது இதுதான் முதல் தடவை. போட்டுக் கொடுத்தேன்.

ஆக. 29, வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும்.

காலை, மண்டபம். படியேறும்போதே நாதஸ்வரம். குமரவேல் சீக்கிரமே வந்துவிட்டார் என்று நினைத்தேன். மேடை ஓரத்தில் ஆளில்லை. இரண்டு ஸ்பீக்கர், ஒரு லேப்டாப். நடுவில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன். செவ்வாயன்று ஹெட்போனில் கேட்ட அதே ஹாரன். என்னுடைய ஃபைல்.

திரும்பினால் வாசலில் குமரவேல், தவில்காரரோடு, பட்டு வேட்டியில். இந்த முகூர்த்தத்துக்காகப் பண்ருட்டிக் கல்யாணம் ஒன்றை விட்டுவிட்டு வந்தவர்.

மச்சான் ஓடிவந்தார். "போன் பண்ண மறந்தே போயிட்டேன். மாப்ள குடுத்த பென் டிரைவே நல்லாகீதேன்னு வீட்ல சொன்னாங்க. வந்தது வந்துட்டீங்க, சாப்ட்டுட்டு போங்க."

குமரவேல் அவரைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தார். "எனக்கு மட்டும்தான்னீங்களே சார்."

இரண்டு பேரும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள், வாத்தியம் மடியில்.

முகூர்த்தம். ஐயர் கையை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" லேப்டாப்காரர் சரியான இடத்துக்குத் தள்ளினார். மண்டபமே அதிர்ந்தது. மாப்பிள்ளைக்கு விரல் தடுமாறுகிறது, முடிச்சு விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதன் கடைசியில் என்ன இருக்கிறது என்று. எழுந்தேன். மேடை தூரம். நடுவில் நாற்காலிகள், சேலைகள், குழந்தைகள்.

"நிறுத்துப்பா, நிறுத்து! போச்சு!"

காதில் கெட்ட சொல் விழக்கூடாது என்றுதானே அந்த நேரத்தில் மேளமே கொட்டுவது. மண்டபம் முழுக்க விழுந்தது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. அவ்வளவு சுத்தம். தாலிக் கயிற்றோடு மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. பெண்ணின் அம்மா, "ஐயையோ!"

பின்னாலிருந்து தவில். இடி மாதிரி. நடு வழியில் குமரவேல் ஊதிக்கொண்டே நடந்து வருகிறார், கன்னம் புடைக்க, கண் சிவக்க. வேறு எதுவுமே யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில்தான் முடிச்சு விழுந்தது.

பிறகு மச்சான் அவரைக் கும்பிட்டார். என்னிடம், "பின்னாடி பேச்சு இருக்குதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா மாப்ள?"

இதையும் எழுதி வைக்கிறேன்.

கை கழுவும் இடத்தில் குமரவேல். அவரே பேசினார். "ரொம்ப நல்லா பதிஞ்சிருக்குது சார். அதான் என்ன மேடைக்குக் கூப்பிடல."

ஆக. 30, சனி

மழை. மோர்சாதம் மட்டும். மனைவி வசந்தா: "எங்க அண்ணன் மேல கோவமா, உங்க மேலயேவா?"

மச்சானுக்குப் போன். அழித்துவிடச் சொன்னேன். "அது எங்கிட்ட ஏது மாப்ள? மண்டபத்துக்காரரு காப்பி எடுத்துக்கினாரு. கடைசிப் பேச்ச வெட்டிட்டாராம். இப்ப கிளீனா இருக்குதாம். வர்ற முகூர்த்தத்துக்கெல்லாம் அதாம்."

போனை வைத்த பிறகும் கையிலேயே பிடித்திருந்தேன். வெட்டிவிட்டாராம். இனிமேல் அது எந்த மண்டபத்திலும் உளறாது.

செப். 1, திங்கள்

சிதம்பரம். ஆர்டர் எடுக்க வேண்டிய இரண்டு பள்ளிக்கும் போகவில்லை. நேராகக் குமரவேல் தெரு. பழக்கத்தில் பையும் தோளில். தெருமுனையிலேயே வாசிப்பு கேட்டது. வாசலில் கால் வைத்ததும் நின்றது.

நின்றபடியே சொன்னேன், மண்டபத்துக்காரர் விஷயம்.

"எத்தினி மண்டபத்துல ஓடும்?"

"தெரியல."

"கேட்டா குடுத்துடுவாரா?"

"மாட்டார். ஆனா நாளைக்குப் போய்க் கேக்கப் போறேன்."

"நானும் வர்றேன். வாசிச்ச ஆளையும் பாக்கட்டும்."

பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பூனக்குட்டி வெளியிலயே இருக்கட்டும் சார். நீங்க மட்டும் உள்ள வாங்க."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாசலுக்குக் கூரை கிடையாது. பையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

ஜிப் மூடியிருந்ததா, நினைவில்லை.