தடை உத்தரவில் மூன்றாவது பெயர்

அக்கா,

இன்று காலை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாக்கள் இருக்கும் கிளிநொச்சிக் கொட்டகைக்கு ஒரு கொன்ஸ்டபிள் வந்து நீதிமன்றக் கட்டளை ஒன்றை வாசித்தார். நாளை மறுதினம் கோயில் வாசலிலிருந்து டிப்போச் சந்தி வரை ஊர்வலம் போக ஏழு பேருக்கும் அவர்களோடு வருபவர்களுக்கும் தடை. மூன்றாவதாக உங்கள் பெயர் இருந்தது.

"அவ எங்க? கையெழுத்து வைக்க வேணும்" என்று கேட்டார்.

உங்கள் பக்கத்துக் கதிரையில் ஏழு வருடம் இருந்த முரசுமோட்டை மணி அக்காதான் பதில் சொன்னார். "அவவை எரிச்சு எட்டு மாசம், தம்பி. சுடலைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ. ஆனா கவனம், கொப்பியிலை சீல் அடிக்காம உங்களைத் திரும்பி வர விடமாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். கொன்ஸ்டபிளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இந்த முறை சீல் வாங்காமல் வந்தது நான்.

மூன்று வருடங்களுக்கு முன்னர், முதலாவது ஊர்வலத்துக்கான அறிவித்தல் கடிதத்தைக் கொடுக்க நீங்கள் பொலிஸ் நிலையம் போன அன்று நானும் செய்திக்காகக் கூட வந்திருந்தேன். "சரி, வைச்சிட்டுப் போங்கோ அம்மா" என்றார் மேசையில் இருந்தவர்.

"வைக்கிறன். இந்தக் கடிதக் கொப்பியிலை திகதி போட்டு ஒரு சீல் அடிச்சுத் தாங்கோ."

"பெரியவர் இல்லை."

"வரட்டும். எனக்கென்ன, அடுப்பிலை உலையோ கிடக்குது?"

ஒன்பது மணிக்கு வாங்குப் பலகையில் இருந்தீர்கள். மதியம் பையிலிருந்து ஒரு பணிசை எடுத்து, பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தீர்கள். இரண்டு மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. கடிதம் கொடுத்தாயிற்று, வாங்கோ என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

"நான் ஒருக்கா ஒண்டைக் குடுத்திட்டுத் துண்டு வாங்காம வந்தனான், தம்பி."

யுத்தத்தின் கடைசி நாளில் உங்கள் மகனை இராணுவத்திடம் கையளித்த கதையை நான் அதற்கு முன்பே பத்திரிகையில் எழுதியிருந்தேன். பெரிய பதிவேடு ஒன்றில் அவன் பெயரைப் பதிந்தார்கள். ஒரு பற்றுத்துண்டு கேட்போமா என்று நீங்கள் நினைத்த நேரத்தில் பின்னால் நின்ற சனம் தள்ளியது. எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதினேன். ஆனால் அந்த வாங்கில் இருந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. மூன்றரை மணிக்குச் சீல் விழுந்தது.

ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கத் தடை உத்தரவு வந்தது. முன்னறிவித்தல் எதுவும் தரப்படவில்லை என்று பொலிசார் நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். ஏழு பெயர்களும் என் செய்தியில் நான் எழுதிய அதே வரிசையில் இருந்தன. எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று, கொட்டகையில் இருந்த ஒழுங்கிலேயே நான் எழுதிய பெயர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது. நீங்களோ, "தம்பி வடிவா எழுதுறீங்கள். பொலிசும் வடிவா வாசிக்கினம்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் பெயர் போட்டு எழுதவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் ஒவ்வொரு வருடமும் அப்படியே வருகிறது.

அந்த முதல் முறை நீதிமன்றத்தில் உங்களுக்காக வந்த சட்டத்தரணிப் பிள்ளை உங்கள் கொப்பியை உயர்த்திக் காட்டினா. நீதவான் அதை வாங்கிப் பார்த்தார். "இது உங்களுடைய முத்திரைதானே?" என்று பொலிசாரைக் கேட்டார். ஓம் என்று ஒப்புக்கொண்டார்கள். வீதியின் இடது ஓரமாக, வாகனங்களை மறிக்காமல், பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டளை மாறியது. இரண்டு இரண்டு பேராக நடந்தீர்கள். உங்கள் ஒரு கையில் மகனின் படம், மறு கையில் அந்தக் கொப்பி. மறித்த இடமெல்லாம் முதலில் கொப்பியைத்தான் நீட்டினீர்கள்.

இந்த வருடம் பத்து நாட்களுக்கு முன்னர் அறிவித்தல் கடிதத்தோடு பொலிஸ் நிலையத்துக்கு மணி அக்காவோடு நான் போனேன். அதே மேசை. "வைச்சிட்டுப் போங்கோ." மணி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. செய்தி அனுப்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "கடிதம் குடுத்தது காணும், வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். இப்போது மறுபடியும் அறிவித்தல் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

பின்னேரம் சட்டத்தரணி கேட்டா: "சீல் வைச்ச கொப்பி எங்க, அண்ணை?"

"இல்லை."

"கடிதம் குடுத்ததை ஆர் கண்டது?"

"நானும் மணி அக்காவும்."

"அவ ஊர்வலத்திலை நடக்கிற ஆள். நீங்கள் சத்தியக்கடதாசி தாங்கோ. கூண்டிலை ஏறச் சொன்னா ஏறுவீங்களோ?"

இருபத்தெட்டு வருடங்களாக நிருபர்களின் வாங்கிலிருந்து அந்தக் கூண்டைப் பார்த்திருக்கிறேன். ஓம் என்றேன். என் வாய்ச்சொல் எடுபடுமா என்று அவவால் சொல்ல முடியவில்லை. எடுபடாவிட்டால் நாளை மறுதினம் யாரும் நடக்க முடியாது.

இன்னொன்றும் சொன்னா. உங்கள் பெயரைக் கட்டளையிலிருந்து நீக்க மரணச் சான்றிதழ் வேண்டுமாம். அக்கராயனிலிருந்து உங்கள் மகள் கொண்டுவந்து தந்தா. மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்த அதிகாரிகளிடம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது: "அவன் செத்ததெண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ? கொண்டுபோனவை வைக்கட்டும்." கடைசி வரை அந்தத் தாளை வாங்கவில்லை. இப்போது உங்களுடையது என் பையில் இருக்கிறது. இதை எழுதும்போதே இரண்டு தரம் பையைத் திறந்து பார்த்துவிட்டேன். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும் வரை உங்களுக்குப் பயப்பட ஒரு அரசாங்கம் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அதை வெட்டச் சொல்லப் போவதும் நான்தான்.

நாளை காலை எட்டரைக்கு நீதிமன்றக் கருமபீடத்தில் சான்றிதழை நீட்டுவேன். வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். சீல் அடிக்க ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். பணிசும் வாங்கியாயிற்று. எவ்வளவு நேரமானாலும் இருப்பேன், அக்கா.