சைக்கிள்காரர் மன்னித்தும்

வியாழக்கிழமை, இரவு.

தம்பி முருகனுக்கு இன்று ஒரு வருடம் சிறை. எடுத்தது ஒரு பழைய சைக்கிள். முன்பு கோயில் வாசலில் செருப்பு திருடியபோது, அரசு ஆஸ்பத்திரியைப் பெருக்கும் தண்டனையோடு விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை என்றால் புதுச் சட்டத்தில் சிறைதானாம்.

சைக்கிளுக்குச் சொந்தக்காரரான ஐயம்பேட்டைக்காரரே கோர்ட்டுக்கு வந்து, "பொருள் கெடச்சிடுச்சு சார். எனக்குக் கேஸ் வேணாம், உட்ருங்க" என்று கைகூப்பினார்.

நீதிபதி, "ஏற்கெனவே தண்டனை வாங்கினவருக்குச் சமாதானம் கிடையாது. ஒரு வருஷத்துக்குக் கீழ நானே நெனச்சாலும் குறைக்க முடியாதுங்க" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் அவரையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

வேனில் ஏறும்போது முருகன், "சூரத்துல வேலை கெடச்சிப் போயிட்டான்னு அம்மாகிட்ட சொல்லுக்கா" என்றான்.

அப்படியே சொன்னேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து, சமையல்கட்டு விளக்கில் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போதுதான் இருட்டிலிருந்து கேட்கிறாள்: "ஏம்மா, ஜெயில்ல போத்திக்க எதுனா குடுப்பாங்களா?"