மொட்டை மாடிச் சாவி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி தண்டலத்துக் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்தாள். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பையைத் திறந்து ஊதா நிறத்தில் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக் காட்டினாள். முதுகுப் பக்கம் அவள் பெயர் அடித்திருந்தது. “ஆயா, என்னையும் செட்ல சேத்துகினாங்க!” என்றாள். புதுத் துணியும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அதை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன். உன் முகம்தான் வந்தது.

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். சொல்ல வந்த விஷயம் அதைவிடக் கோணல்.

நாம் வேலை பார்த்த அந்தப் பெண்கள் ஹாஸ்டலில் உனக்கு மெஸ்ஸில் சமையல். எனக்குக் கூட்டுவது, பாத்ரூம் கழுவுவது, சாவிக்கொத்து வைத்திருப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஸ் சோற்றைத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். மிச்சம்தானே என்றேன். நீ எல்லார் எதிரிலும் கேட்டாய்: “இன்னாடி, அடுப்ப வுட்டு எறக்கறதுக்கு முன்னாடியே மிச்சமாயிடுச்சா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பிறகு சாம்பாரைக் கிளறப் போய்விட்டாய். யார் யார் சிரித்தார்கள், யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். நீ கட்டியிருந்தது பச்சைப் பூப்போட்ட நைலக்ஸ்.

மூன்றாம் மாடியில் கடைசி வருஷத்துப் பெண்கள் நாலு பேர் ஒரு செட்டாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். புதிதாக வருகிற பெண்களில் ஆளுக்கொருத்தியைத் தங்கச்சி என்று தத்து எடுப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு மாதம் சோதனை. எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட வேண்டும், தலை நிமிராமல் நடக்க வேண்டும், தண்ணீர் ஏறாத அந்த மூன்றாம் மாடிக்கு அக்காக்களுக்காகப் பக்கெட் சுமக்க வேண்டும். முடிந்தால் கேக் வெட்டி டி-ஷர்ட் கொடுத்துக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதன்பிறகு காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித்தர, பரீட்சைக்கு நோட்டுத் தர ஓர் அக்கா உண்டு. தத்துப் போகாதவள் மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுவாள்.

அந்த வருஷம் எனக்கும் ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் ஆயா என்று அடித்திருந்தது. “நீங்களும் நம்ம செட்டுதான் ஆயாம்மா” என்று நாலு பேரும் என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தேன். “அட, பட்டம் வாங்கிட்டியா? இன்னா டிபார்ட்மெண்டு, கக்கூஸா?” என்றாய் நீ. அதையும் முடிந்து வைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பக்கெட் தூக்க மாட்டேன் என்றாள். “எங்கம்மைக்குச் சொமந்திருக்கேன், ஒங்களுக்கு எதுக்குக்கா சொமக்கணும்?” அவள் அப்படிக் கேட்டது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. அந்தச் சனிக்கிழமை காலையில் செட்டின் பெரியவள் என்னிடம் வந்து மொட்டை மாடிச் சாவி கேட்டாள். “அவள கொஞ்ச நேரம் வெயில்ல காய வெக்கப் போறோம்” என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் பூட்டிவிட்டு வந்து சாவியை என் கையில் வைத்தாள். “நாங்களே வந்து தொறப்போம். நீங்க தொறந்துடாதீங்க ஆயாம்மா, செட்டு ரூல்ஸ்.” நாலு பேரும் கடைக்குப் போகிறோம் என்று பஸ் ஏறினார்கள்.

இரும்புக் கதவைத் தட்டுகிற சத்தம் இரண்டாம் மாடியைக் கூட்டும்போது எனக்குக் கேட்டது. முதலில் கையால் தட்டினாள், பிறகு செருப்பால். பிறகு சத்தம் நின்றது. மூன்று மணி நேரம் சாவி என் இடுப்பில் இருந்தது.

மத்தியானம் கடைக்குப் போன நாலு பேர் தட்டு போக இன்னொரு பிரியாணித் தட்டும் மிஞ்சியதைப் பார்த்து நீதான் தேடினாய். கதவுக்குப் பின்னால் முனகல் கேட்டு என்னைக் கூப்பிட்டாய். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். சிலிண்டர் ஸ்பேனரால் பூட்டை அடித்து உடைத்து, தொட்டி நிழலில் மயங்கிக் கிடந்தவளை நீ ஒருத்தியே தோளில் போட்டு இறக்கினாய்.

திங்கட்கிழமை வார்டன் அறையில் அந்தப் பெண் நடந்ததைச் சொன்னாள். நாலு பேரும் மாடிப்பக்கமே போகவில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். “சாவி இவ இடுப்புலதான் கீது. இவளையே கேளுங்க மேடம்” என்றாய் நீ. என்னை நம்பித்தான் சொன்னாய்.

“சாவிய இவதான் வாங்கினா மேடம். மொளகா காயப்போட்டிருந்தா. அள்ளிகினு வரும்போது பாக்காம பூட்டிட்டு எங்கிட்ட குடுத்துட்டா. ஆள் இருந்தது எனக்குத் தெரியாது.”

இதைத்தான் சொன்னேன். அந்த வாரம் மாடியில் மெஸ் மிளகாய் காய்ந்தது உண்மை. அதனால் பொய்யும் சரியாக உட்கார்ந்துகொண்டது. விஷயம் வெளியே போகாமல் முடிந்தால் போதும் என்றிருந்தார் வார்டன். உன்னை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார். நான் மேலும் ஆறு வருஷம் அதே சாவிக்கொத்தோடு இருந்தேன்.

பிறகு உன்னைத் தண்டலம் பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு முறை பார்த்தேன். ஒரகடத்தில் ஏதோ கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்டில் இருந்தாய். ஷிப்ட் முழுக்க நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. நீயாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

“பயந்துட்ட இல்லடி அன்னிக்கு? வேலை போயிடும்னு. எம்பொண்ணு எத்தினியோ வாட்டி கேட்டா, நான் ஒம்பேர சொல்லல” என்றாய்.

நீ என்மேல் இரக்கப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. “பயமா? நீ சோத்துக்கு என்னைச் சிரிச்சியே, அதுக்குத்தான் சொன்னேன்” என்றேன்.

நீ யோசித்துப் பார்த்தாய். “எந்தச் சோறுடி?” என்றாய்.

பஸ் வந்தது, ஏறிவிட்டாய். அன்றைக்கு நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. அந்த அறையில் நாலு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நம்ம செட்டு என்கிற பார்வை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் என்னை அப்படி யாரும் தங்கள் பக்கம் நிறுத்திக்கொண்டதில்லை. அதை விட்டுவிட மனசு வரவில்லை. பயம் என்று சொன்னால் மன்னிப்பாய், பகை என்று சொன்னால் கோபிப்பாய். இதைச் சொன்னால் நீ சிரித்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. நாலு பேரும் அந்த ஏப்ரலிலேயே படிப்பு முடிந்து போனார்கள். ஒருத்திகூட எனக்கு ஒரு போன் செய்யவில்லை. வாலாஜாபாத் கடைத்தெருவில் அந்தப் பெரியவளைக் குழந்தையோடு பார்த்தேன். யாரோ கிழவி என்று ஒதுங்கிப் போனாள்.

உன் சாவுக்கு மண்ணூர் வந்திருந்தேன். உன் மகள் எனக்குக் காபி கொடுத்தாள். நானும் அந்த ஹாஸ்டலில் இருந்தவள் என்றதும், “எங்கம்மாவ மாட்டிவுட்டது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். உன்னை வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பேத்தியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தையே பார்க்காமல் கேட்டாள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: “அவங்க வூட்ல சொன்னியா, ஆயா?”

மறுநாள் மண்ணூர் போனேன். உன் மகள் கம்பெனிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். நின்றபடியே சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

“சாவுல காபி குடுத்தேனே, குடிச்சீங்களே” என்றாள். பிறகு, “இனிமே எம்மூஞ்சில முழிக்காதீங்க” என்றாள். கம்பெனி பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பகை வைத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அது உனக்குக் கடைசிவரை வரவில்லை. உன் மகளுக்கு வந்திருக்கிறது, கொடுத்தவள் நான்தான். உன்னைப் போல அவளும் மறந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். மண்ணூர்ப் பக்கம் போக வேண்டி வந்தால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு, ஷிப்டு பஸ் போன பிறகுதான் போகிறேன். உன் மகள் என்னிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான். இதையாவது கேட்டபடி செய்கிறேன்.