முதுகில் போட்ட கோடு

குட்டிம்மா,

கதிர்வீச்சு எங்கே பாய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் என் முதுகில் மையால் கோடு போட்டிருந்தார்கள் இல்லையா? காலையில் தூக்கக் கலக்கத்தில் நார் போட்டுத் தேய்த்து, அதைச் சுத்தமாக அழித்துவிட்டேன். மறுபடி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில். சோறு அடுப்பில். அடி கருகியது என் கைவண்ணம்.

மஜ்ஜையில் ஒன்றுமில்லை, முதுகெலும்பில் இந்த ஒற்றைக் கட்டிதான், கதிர் வைத்தாலே போதும் என்று டாக்டர் சொன்னபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! பிறகு ஏன் ஹாலில் படுக்கிறாய், என்னைப் பிடிக்கவில்லையா என்று நேற்று கேட்டாய். குறட்டை என்றேன். பொய். என் உடம்பிலிருந்து கதிர் உன்மேலும் வயிற்றில் இருக்கும் நம் குழந்தைமேலும் பட்டுவிடுமோ என்று பயம். டாக்டரிடம் கேட்க வெட்கம். பதினாறு நாளாக, நீ புரண்டு படுக்கும்போது கேட்கும் வளையல் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பி.கு.: கோடு அழிந்ததைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கதிர் மெஷின் ஓட்டும் அக்காதான் எடுத்தார். துணிந்து அவரிடமே கேட்டுவிட்டேன்.

"மெஷின் நின்னா கதிரும் நின்னுடும் சார். உங்க உடம்புல ஒண்ணும் தங்காது. பேசாம அவங்க பக்கத்துலயே போய்ப் படுங்க."