மோட்டாரில் வந்த மாதா

13.12.2025, சனி
விடாத மழை. ஆறு ஏறுவதாகப் பக்கத்து வீட்டில் பேச்சு. குடைக் கம்பி ஒன்று முறிவு. இரத்த அழுத்த மாத்திரை வாங்க வேண்டும்.

பேத்தி ஜெனிஃபாவை ஆலயத்துச் சிறுவர் வகுப்பில் விட்டேன். ஐந்து வயது. இவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு உருவங்கள் குழந்தைகளின் கையால், களிமண்ணில். பார்த்துச் செய்ய எந்த மாதிரி உருவத்தையும் ஆக்னஸ் டீச்சர் முன்னால் வைக்கவில்லை.

"ஒட்டகம் எப்படி இருக்கும் டீச்சர்?" ஒரு வாண்டு.

"நீ என்னா நினைக்கிற?"

முதலில் எரிச்சல். கேட்டால் சொல்லித் தர வேண்டாமா? கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனித்தேன். கேட்கிறார், காத்திருக்கிறார், குழந்தையின் மண்ணில் மட்டும் கை வைப்பதில்லை. அது சோம்பல் அன்று என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

செய்தவை: ஆடுகள். ஓர் உடும்பு. எண்ணெய்க்கான செம்பனைக் குலை சுமக்கும் ஒட்டகம். ஜெனிஃபாவினது ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டுபவர் சூசையப்பர், பின்னால் ஹெல்மெட்டுடன் மாதா. மகனும் மருமகளும் தினமும் விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது அவ்வாறுதான்.

"பாலன் ஏசு எங்கம்மா?"

"மழ பெய்யுதுல்ல டீச்சர். மாதா ரெயின்கோட்டுக்குள்ள."

உண்மை. வயிற்றருகே சிறு புடைப்பு.

14.12.2025, திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறு
அறிவிப்புப் பலகையில் தேதி தவறு. நானே திருத்தினேன்.

பூசை முடிந்ததும் குடில் முன் கூட்டம். அலங்காரக் குழுத் தலைவர் சவரிமுத்து இடுப்பில் கைவைத்தபடி:

"என்னா டீச்சர், சூசையப்பருக்கு சிங்கப்பூர்ல வேல கெடச்சிருச்சா?"

சிரிப்பு.

"அவ அம்மா அப்பா அப்படித்தானே போறாங்க அண்ணே."

"வெளியூர் ஆளுங்க வருவாங்க. மானம் போயிரும் லா."

"பிள்ளைங்க செஞ்சது. அப்படியே இருக்கட்டும்."

அதையே நானும் சொன்னேன். சவரிமுத்து தலையாட்டினார். நம்பினேன்.

17.12.2025, புதன்
பாட்டுத் தாள்களை எடுக்க ஆலயம் சென்றேன். மோட்டாருக்குச் சக்கரங்கள் இல்லை. நான்கு கால், இரண்டு நீளக் காது, சாம்பல் சாயம். ஹெல்மெட் செதுக்கப்பட்டு நீல முக்காடு. ரெயின்கோட்டுப் புடைப்பு அமுக்கித் தட்டை. அதன் காலடியில், கடையில் வாங்கிய பிளாஸ்டர் பாலன். பாலனை வைப்பது கிறிஸ்துமஸ் இரவில்தான்; அதற்கு ஏழு நாள் முன்னதாகவே!

சவரிக்குத் தொலைபேசி.

"அழகாத்தானே பண்ணிருக்கேன் அண்ணே. பாப்பா பேரு போட்ட அட்டையக்கூட எடுக்கலியே."

அதுதான்! அந்த அட்டைதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. தூக்கி எறிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தன் கழுதையைச் செய்துவிட்டு அவள் பெயரை அதன் கீழ் விட்டுவைத்திருக்கிறார். மூன்று முறை "மூடன்" என்றேன். வருந்தவில்லை.

20.12.2025, சனி
மழை ஓயவில்லை. மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

ஜெனிஃபா குடிலைப் பார்த்தாள். அழவில்லை. வகுப்பில் மண் உருண்டையைத் தொடாமல் இருந்தாள். பிறகு:

"நீங்களே சொல்லுங்க டீச்சர், என்னா செய்யணும்?"

இந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. டீச்சரின் முகம் சுருங்கிற்று.

சமாதானத்திற்கு வந்த சவரி வாசலிலிருந்து: "கழுத செய் பாப்பா, மாமா சொல்லித் தரேன்."

எழுந்தேன். "அவ மண்ணுல கை வெக்காத சவரி! ஒரு கழுத போதும் இந்தக் கோயிலுக்கு!"

சவரி போய்விட்டார். டீச்சர் மண்ணை ஜெனிஃபா பக்கம் சற்று நகர்த்திவிட்டு அருகில் உட்கார்ந்தார். நெடுநேரம் தகரக் கூரையில் மழை மட்டும். சொல்லிக் கொடுத்துத் தொலைக்கலாமே என்று எனக்கே தோன்றியது. அவர் அசையவில்லை.

பிறகு சிறு கை நீண்டது.

ஒரு மனிதன். மூக்குக் கண்ணாடி. முகத்தில் கட்டைவிரலால் அழுத்திய பெரிய குழி.

"யாரு இது?"

"தாத்தா. கத்துறாரு."

"எங்க வெக்கலாம்?"

"குடில் வாசல்ல. நான் மறுபடி மோட்டார் செய்வேன்ல, யாரும் மாத்தக்கூடாது."

வாயைச் சற்று மூடலாமே என்று விரலை நீட்டினேன். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டேன்.

வாய் திறந்தே இருக்கிறது.