ருஷ்தாவின் இடது கன்னம்

11 ஜனவரி 2025, சனி. காயல்பட்டினம்

இருந்தவர்கள்: பதுருன்னிஸா லாத்தா, அவர்கள் மகள் ருஷ்தா, நான். மூன்றே பேர். தெருக்கதவு தாழ் போட்டிருந்தது. எடுத்த படம் 64. கொடுத்தது 1. லாத்தா கண்முன்னால் அழித்தது 63. மீதி இல்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படி எழுதி வைக்கிறேன். பெண்பிள்ளைகளின் படம். நாளை மறுமையில் கணக்குக் கேட்டால் நோட்டை நீட்டலாம்.

புது லென்ஸின் முதல் வேலை. எண்பத்தைந்து எம்.எம். முகம் எடுப்பதற்கென்றே செய்தது. யூட்யூபில் இரண்டு மாதம் பார்த்துப் படித்த பிறகுதான் வாய்விட்டுக் கேட்டேன். என் வீட்டுக்காரர் தோஹாவிலிருந்து ஆள் மூலம் கொடுத்துவிட்டார்கள். பழைய லென்ஸில் கிட்டே போனால் மூக்குதான் முதலில் வந்து நிற்கும். இதற்கு எட்டி நிற்க வேண்டும். பின்னால் போய்ப் போய், பக்கக் கதவையும் தாண்டி முடுக்கில் நின்று எடுத்தேன். பெண்கள் மட்டும் நடக்கிற சந்து, பயமில்லை. லாத்தா சொன்னார்கள்: “இன்னுங் கொஞ்சம் போனா கடக்கரையே வந்துரும்.”

படம் மாப்பிள்ளை வீட்டுக்கு. நம் ஊர்க்காரர்கள்தான், ஆனால் முப்பது வருஷமாகச் சென்னைவாசிகள். மாப்பிள்ளை ஹுதைஃபாவுக்கு மஸ்கட்டில் வேலை. ருஷ்தாவை அவர்கள் யாரும் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

படத்தைப் பார்த்து லாத்தா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். “எம்புள்ள இவ்வளவு அழகா?”

ருஷ்தா ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

12 ஞாயிறு

படம் போய்விட்டது. அங்கே எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். அல்ஹம்துலில்லாஹ்.

13 திங்கள்

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். சுருக்கென்றது. தழும்பு எங்கே?

எட்டு வயதில் ருஷ்தா முகத்தில் எண்ணெய் தெறித்தது. இடது கன்னத்தின் நடுவிலிருந்து தாடைவரை. ஊரில் எல்லாருக்கும் கண் பழகிவிட்டது. எனக்கும்தான். சன்னல் பக்கம் வலது கன்னத்தைத் திருப்பச் சொன்னேன். லென்ஸுக்குள் இருக்கும் அபெர்ச்சர் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தேன். அப்படி வைத்தால் கிட்டே இருக்கிற கண் மட்டும் கூராக நிற்கும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைந்தது மாதிரி ஆகிவிடும். தழும்பும் அதோடு கரைந்துவிட்டது.

நான் மறைக்கவில்லை. ஆனால் மறைந்திருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மீன்காரி கெட்ட பக்கத்தைக் கீழே வைத்தால் எத்தனை பேச்சுப் பேசுவேன். நிக்காஹ் முடிந்து, அந்தப் பையன் முதல்முதலாகப் பார்க்கும்போது அவன் முகம் ஒரு நொடி மாறினால் — அந்த ஒரு நொடியை ருஷ்தா ஆயுசுக்கும் சுமப்பாள்.

14 செவ்வாய்

இருந்தவர்கள்: அதே மூன்று பேர்.

“இன்னொரு படம் எடுத்து அனுப்புவோம் லாத்தா. ரெண்டு கன்னமும் தெரியற மாதிரி.”

“ஏன், அந்தப் படத்துல என்ன பொய்யி? உள்ள முகந்தானே?”

“பாதி முகம் லாத்தா.”

“ரெண்டு சம்மந்தம் இதனாலயே போச்சு. மூணாவத நீ வழியனுப்பி வைக்கப் போறியா? நீ படம் எடுக்க வந்தியா, ஃபத்வா குடுக்க வந்தியா?”

எழுந்து செருப்பைத் தேடினேன். உள்ளேயிருந்து ருஷ்தா வந்தாள்.

“மாமி, கேமரா கொண்டாந்திருக்கீங்களா?”

“நீ சும்மா இரு புள்ள” என்றார்கள் லாத்தா.

“உம்மா, அந்தப் படத்த நம்பி அவஹ கட்டிக்கிட்டா, ஆயுசு முழுக்க நான் ஒரு பக்கமாவே திரும்பி நின்னுதான் சோறு வைக்கணும்.”

லாத்தா சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. சிரித்துவிட்டு அழுதார்கள்.

அதே லென்ஸ். நேராக உட்கார வைத்தேன். அபெர்ச்சரைச் சுருக்கி எட்டில் வைத்தேன். புருவத்து முடியை எண்ணலாம். தழும்பு தழும்பாகவே இருந்தது. மூக்கு பெருக்கவில்லை, தாடை கோணவில்லை. இந்த லென்ஸுக்குப் பொய் சொல்லத்தான் தெரியும் என்று நினைத்தேனே, அதுவும் தப்பு. பிள்ளை அழகாகத்தான் இருந்தாள்.

எடுத்தது 9. கொடுத்தது 1. அழித்தது 8.

15 புதன்

படம் போய்ச் சேர்ந்தும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வரவில்லை.

16 வியாழன்

வரவில்லை.

17 வெள்ளி

நான் போன் போட்டால் லாத்தா எடுப்பதில்லை. யா அல்லாஹ், சும்மா இருந்திருக்கலாம்ல நான். யாரு கேட்டா என்னை? மூணு நாளா சோறு எறங்கல. மனசுல வச்ச நிய்யத்து சுத்தமாத்தானே இருந்துச்சு? இல்ல, நான் குத்தவாளி ஆகக் கூடாதுன்னு அந்தப் புள்ளையப் பணயம் வச்சேனா?

லென்ஸைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

19 ஞாயிறு

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு முடுக்கு வழியாக லாத்தா வந்தார்கள். மூச்சு வாங்குகிறது. சலாம்கூட பாதிதான் வந்தது. போனை என் காதில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா பேசி அனுப்பியது:

“ரெண்டாவது படத்தப் பாத்ததுலேர்ந்து மகன் பேசவே இல்ல. நேத்து பிடிச்சுக் கேட்டா, ‘எனக்கு வெக்கமா இருக்கும்மா, அந்தப் பொண்ணு அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சே’ங்கிறான். நாங்க அனுப்பின படத்துல தொப்பி போட்டிருந்தானே, அது தொழப் போட்ட தொப்பி இல்லம்மா.”

கூடவே ஒரு படம். மஸ்கட் உச்சி வெயிலில் ஹுதைஃபா, தொப்பி இல்லாமல். விளக்கித் துடைத்த பித்தளைச் சட்டி மாதிரி தலை. போனைக் கிட்டே பிடித்து எடுத்ததில் மூக்கு முதலில் வந்து நிற்கிறது. இந்தப் பையனுக்கு லென்ஸைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது, அல்ஹம்துலில்லாஹ்.

நானும் லாத்தாவும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு சன்னல் திறந்தது. “வா, நீயே வந்து அவகிட்ட காட்டு” என்று என் கையைப் பிடித்தார்கள். லென்ஸை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தது: “இதுதான் நான். எனக்கு முழுச் சம்மதம். இந்தப் படத்தை ருஷ்தாவிடம் காட்டி, அவங்களுக்கும் சம்மதமா என்று கேளுங்கள். ஷவ்வால் மாதம் நிக்காஹுக்கு லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.”